பிஎச்பி-யில் ரெஸ்பான்ஸ் ஹெடரைப் படிக்க எந்த வழி? கெட்_ஹெடர்ஸ், கர்ல், கஸல், சிம்ஃபோனி: ஓர் ஒப்பீடு

ஒரு முகவரியைக் கேட்டால் ஒரு பதில்தான் வரும் என்ற நம்பிக்கையில் எழுதிய பிஎச்பி நிரல், உள்ளடக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் தகவல் வரிகளான ஹெடரைப் படிக்கும் இடத்தில்தான் முதலில் சறுக்கும். எச்டிடிபி-யிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்கு ஒரு ரீடைரக்ட் (வேறு முகவரிக்குப் போ என்ற பதில்), அங்கிருந்து மொழிவாரிப் பக்கத்துக்கு இன்னொன்று, பிறகுதான் அசல் பக்கம் என்றால் வந்திருப்பது மூன்று பதில், மூன்று ஹெடர் தொகுதி. உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் என்ன என்று கேட்டால் மூன்று விடை இருக்கிறது. அதில் எது நம் கைக்கு வரும் என்பது நாம் அழைக்கும் ஃபங்ஷனைப் பொறுத்தது.

புதியவர்கள் மட்டும் விழும் குழி அல்ல இது. பிஎச்பி-க்குள்ளேயே எக்ஸ்எம்எல் படிக்கும் டிஓஎம், சிம்பிள்எக்ஸ்எம்எல் நீட்சிகள், ரீடைரக்ட் ஆகும் முகவரியைத் திறக்கும்போது தவறான கன்டென்ட்-டைப் வரியை எடுத்துக்கொண்டு எழுத்துக் குறியாக்கத்தை முடிவு செய்துகொண்டிருந்தன. சிவிஇ-2025-1219 என்ற எண்ணில் அது பாதுகாப்புக் குறையாகப் பதிவாகி, 8.1.32, 8.2.28, 8.3.19, 8.4.5 பதிப்புகளில் சரி செய்யப்பட்டது.

ஆகவே எந்த வழியில் வரிகள் குறைவு என்று பார்ப்பதைவிட மூன்று விஷயங்களைப் பார்ப்பது நல்லது. ரீடைரக்ட் நடந்தால் ஒவ்வொரு பதிலின் ஹெடரும் தனித்தனியாகக் கிடைக்கிறதா? குக்கி வைக்கச் சொல்லும் செட்-குக்கி போல ஒரே பெயரில் பலமுறை வரும் ஹெடர் முழுசாகத் தப்புகிறதா? 404 (பக்கம் இல்லை), 429 (கோரிக்கைகள் அதிகம்), 503 (சேவை இப்போது இல்லை) போன்ற பிழைப் பதில்களின் ஹெடரும் கைக்கு வருகிறதா? மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எவ்வளவு நேரம் கழித்து மறுபடி வரலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் பெரும்பாலும் பிழைப் பதிலில்தான் வரும்.

கெட்_ஹெடர்ஸ்

ஒரே வரியில் வேலை முடியும் என்பதால் எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான். முகவரியைக் கொடுத்தால் ஹெடர் வரிகள் ஓர் அர்ரேயாக வரும். இரண்டாவது அளவுருவை ட்ரூ என்று வைத்தால் ஹெடர் பெயரே சாவியாக இருக்கும். 404 வந்தாலும் ஹெடர் கிடைக்கும். இணைப்பே கிடைக்காவிட்டால் ஃபால்ஸ் வரும்.

சிக்கல் ரீடைரக்டில் தொடங்குகிறது. எல்லாப் பதில்களின் ஹெடரையும் இது ஒரே அர்ரேயில் கொட்டிவிடும். 0-வது இடத்தில் இருப்பது முதல் பதிலின் நிலை வரி (பதிலின் எண்ணைச் சொல்லும் முதல் வரி). அங்கே 301 இருக்கும். போய்ச் சேர்ந்த பக்கம் 404 ஆக இருந்தாலும் 0-வது இடம் அதைச் சொல்லாது. சாவி முறையில் கேட்டால் நிலை வரிகள் 0, 1, 2 என்று எண் சாவிகளில் அடுக்கப்படும். கடைசி எண் சாவியில் இருப்பதுதான் இறுதி நிலை. மற்ற ஹெடர்கள் ஒருமுறை வந்தால் ஸ்ட்ரிங், இருமுறை வந்தால் அர்ரே. நேற்றுவரை ஸ்ட்ரிங்காக வந்த கன்டென்ட்-டைப், அந்தத் தளம் புதிதாக ஒரு ரீடைரக்ட் வைத்ததும் அர்ரேயாக மாறிவிடும்; அதை ஸ்ட்ரிங் ஃபங்ஷனுக்குக் கொடுத்திருந்தால் பிஎச்பி 8-இல் டைப்எர்ரர் கிளம்பும். அதற்கு மேல், முதல் சர்வர் லொக்கேஷன் என்று பெரிய எழுத்தில் தொடங்கி அனுப்ப, அடுத்தது முழுக்கச் சிறிய எழுத்தில் அனுப்பினால் அவை இரண்டு வேறு சாவிகள். எந்த மதிப்பு எந்தப் பதிலுக்குச் சொந்தம் என்பதைச் சாவி முறையில் பிறகு மீட்டெடுக்கவே முடியாது. சாவி இல்லாத வடிவில் வரிசை அப்படியே இருப்பதால், நிலை வரி வரும் இடமெல்லாம் வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம். கெட்_ஹெடர்ஸைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வடிவமே மேல்.

இது இயல்பாக அனுப்புவது கெட் கோரிக்கை. ஹெடரை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கை வேண்டுமென்றால் ஸ்ட்ரீம் கான்டெக்ஸ்ட் என்ற அமைப்புத் தொகுதியில் மெதட் என்ற அமைப்பை மாற்றி மூன்றாவது அளவுருவாகக் கொடுக்க வேண்டும். அந்த அளவுரு பிஎச்பி 7.1 முதல் உண்டு. டைம்அவுட்டும் அதே கான்டெக்ஸ்டில்தான் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் டீஃபால்ட்_சாக்கெட்_டைம்அவுட், அதாவது 60 விநாடி. இன்னொன்று: பிஎச்பி.ஐஎன்ஐ-யில் யூசர்_ஏஜென்ட் காலியாக இருந்தால் யூசர்-ஏஜென்ட் ஹெடரே போகாது. பிரவுசரில் திறக்கும் பக்கம் நிரலில் மட்டும் 403 (அனுமதி இல்லை) தருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸும் கூட வரும் ஹெடரும்

பக்கத்தின் உள்ளடக்கமும் ஹெடரும் சேர்ந்து வேண்டும், இணையக் கோரிக்கைகளுக்கான கர்ல் நீட்சி இல்லை என்றால் இது. அழைப்பு முடிந்ததும் $எச்டிடிபி_ரெஸ்பான்ஸ்_ஹெடர் என்ற மாறி, அழைத்த ஃபங்ஷனின் எல்லைக்குள் தானாகவே முளைக்கும். அறிவிக்காத மாறி திடீரென்று தோன்றுவதால் நிரல் சரிபார்க்கும் கருவிகள் குறை சொல்லும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு லூப்பில் பத்து முகவரிகளை வரிசையாகத் திறக்கும்போது நான்காவதில் இணைப்பே கிடைக்கவில்லை என்றால், மாறியில் மூன்றாவது முகவரியின் ஹெடர் அப்படியே நிற்கும். நிரல் அதை நான்காவதின் ஹெடராக எடுத்துக்கொண்டு போய்விடும். எந்த எச்சரிக்கையும் ஹெடரைப் பற்றி வராது.

பிஎச்பி 8.4-இல் இதற்கு மாற்றாக எச்டிடிபி_கெட்_லாஸ்ட்_ரெஸ்பான்ஸ்_ஹெடர்ஸ், எச்டிடிபி_கிளியர்_லாஸ்ட்_ரெஸ்பான்ஸ்_ஹெடர்ஸ் என்று இரண்டு ஃபங்ஷன்கள் வந்தன. 8.5 முதல் பழைய மாறி கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் கிளியர் ஃபங்ஷனை அழைத்துவிடுவது பாதுகாப்பு.

பிழைப் பதில் வந்தால் ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் எச்சரிக்கையோடு ஃபால்ஸ் தரும். பிழைப் பக்கத்தின் உள்ளடக்கமும் வேண்டுமென்றால் கான்டெக்ஸ்டில் இக்னோர்_எர்ரர்ஸ் ட்ரூ ஆக வேண்டும். ரீடைரக்டைத் தொடராமல் நிறுத்த ஃபாலோ_லொக்கேஷன் 0. தொடர்ந்தால் 20 வரை போகும். இங்கும் எல்லாப் பதில்களின் வரிகளும் ஒரே பட்டியலில்தான், ஆனால் வரிசையாக.

இந்த இரண்டு வழிகளுக்கும் அடியில் ஓடுவது, இணைய முகவரியைக் கோப்பு போலத் திறக்க உதவும் பிஎச்பி-யின் எச்டிடிபி ஸ்ட்ரீம் ராப்பர். அது எச்டிடிபி/2 பேசாது. சுருக்கி வரும் ஜிஸிப் உள்ளடக்கத்தைத் தானாக விரிக்காது. டைம்அவுட் என்பது ஒவ்வொரு வாசிப்புக்குமான காத்திருப்பு. மொத்த நேரத்துக்கான கெடு அல்ல. துளித்துளியாக அனுப்பும் சர்வர் ஒன்று 5 விநாடி டைம்அவுட்டை வைத்துக்கொண்டே நம் நிரலை நிமிடக்கணக்கில் கட்டிப்போட முடியும். ஹெடர் பிரிப்பில் 2025-இல் அதே பதிப்புகளில் திருத்தப்பட்ட குறைகளும் இதில்தான் இருந்தன: லொக்கேஷன் மதிப்பை 1024 பைட்டில் வெட்டியது, அடுத்த வரிக்கு மடிந்து வரும் ஹெடரைத் தவறாகப் படித்தது, முக்காற்புள்ளியே இல்லாத வரியை ஏற்றுக்கொண்டது. பழைய பதிப்பில் நீண்ட டோக்கன் உள்ள ரீடைரக்ட் முகவரி மட்டும் தோற்றுப்போனால் காரணம் அந்த 1024 ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

கர்ல்: இரண்டு விதம், ஒன்று மட்டும் சரி

கர்லில் ஹெடரை எடுக்க இணையத்தில் அதிகம் சுற்றும் விதம் இது: கர்ல்ஆப்ட்_ஹெடர் ட்ரூ, வரும் ஸ்ட்ரிங்கில் ஹெடரும் உள்ளடக்கமும் ஒன்றாக இருக்கும், முதல் வெற்று வரியில் எக்ஸ்ப்ளோட் செய்து இரண்டாக வெட்டு. ரீடைரக்டைத் தொடரச் சொல்லியிருந்தால் முதல் வெற்று வரிக்குப் பின்னால் இருப்பது அடுத்த பதிலின் ஹெடர். அது உள்ளடக்கமாகக் காட்டப்படும். பெரிய போஸ்ட் கோரிக்கைக்கு முன்னால் சர்வர் 100 கன்டினியூ (தொடர்ந்து அனுப்பு) அனுப்பினாலும், பிராக்ஸி வழியாக எச்டிடிபிஎஸ் போகும்போது பிராக்ஸியின் 200 முன்னால் வந்து நின்றாலும் இதே கதிதான். வெட்டியே ஆக வேண்டும் என்றால் கர்ல்இன்ஃபோ_ஹெடர்_சைஸ் தரும் எண்ணை வைத்து சப்ஸ்ட்ர் செய்யுங்கள். அப்போதும் ஹெடர் பகுதிக்குள் பல தொகுதிகள் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

சரியான விதம் கர்ல்ஆப்ட்_ஹெடர்ஃபங்ஷன். ஒவ்வொரு ஹெடர் வரி வந்ததும் கர்ல் நாம் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை, அழைக்கும். வெட்டு வேலையே இல்லை. உள்ளடக்கம் தனியாக வரும். கால்பேக்குக்குள் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. முதலில் ஸ்டர்லென் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிம் செய்த பிறகு எடுத்தால் நீளம் 2 குறையும். கர்ல் கொடுத்த பைட் எண்ணிக்கையையே திருப்பித் தராவிட்டால் எழுதும்போது வந்த பிழை (ரைட் எர்ரர்) 23 என்று சொல்லி இறக்கத்தையே நிறுத்திவிடும். கால்பேக்கில் ரிட்டர்ன் மறந்தாலும் இதே 23.

2. வரி எச்டிடிபி/ என்று தொடங்கினால் புதிய பதில் தொடங்கிவிட்டது. பதில்களின் பட்டியலில் ஒரு புதிய வெற்றுத் தொகுதியைச் சேருங்கள். பழையதை அழிக்க வேண்டாம். ரீடைரக்ட் பாதையைப் பார்க்க அது தேவைப்படும்.

3. வெற்று வரி என்றால் இந்தத் தொகுதி முடிந்தது என்று ஒரு கொடி வையுங்கள். அதற்குப் பிறகு, எச்டிடிபி/ இல்லாமல் வரும் வரிகள் உள்ளடக்கத்துக்குப் பின்னால் வரும் டிரெய்லர்கள். அவற்றை ஹெடரோடு கலக்க வேண்டாம்.

4. வரி இடைவெளியிலோ டேபிலோ தொடங்கினால் முந்தைய ஹெடரின் தொடர்ச்சி. ட்ரிம் செய்வதற்கு முன்பே இதைச் சோதிக்க வேண்டும்.

5. மற்ற வரிகளை முக்காற்புள்ளியில் எக்ஸ்ப்ளோட் செய்யும்போது வரம்பு 2 கொடுங்கள். கொடுக்காவிட்டால் லொக்கேஷனில் மிஞ்சுவது எச்டிடிபிஎஸ் என்ற சொல் மட்டும். பெயரை ஸ்ட்ர்டுலோயர் செய்து, மதிப்பை ட்ரிம் செய்து, எப்போதும் அர்ரேயின் கடைசியில் சேருங்கள். ஒரே மதிப்பு வந்தாலும் அர்ரேதான்.

6. முதலில் எடுத்து வைத்த நீளத்தைத் திருப்பித் தாருங்கள்.

ஐந்தாவது படியில் சிறிய எழுத்தாக்குவது அழகுக்காக அல்ல. எச்டிடிபி/2-இல் ஹெடர் பெயர்கள் சிறிய எழுத்தில்தான் வர வேண்டும் என்பது விதி, எச்டிடிபி/1.1-இல் சர்வர் இஷ்டப்படி வரும். எச்டிடிபி-யின் தர வரையறையான ஆர்எஃப்சி 9110-இன்படி பெயரில் எழுத்தின் அளவு பொருட்டல்ல. சர்வர் எச்டிடிபி/2-க்கு மாறிய அன்று உடையும் நிரல்கள் எல்லாம் கன்டென்ட்-டைப்பைப் பெரிய எழுத்தோடு தேடியவைதான்.

நிலை எண்ணை எடுப்பதிலும் அதே மாற்றம் கைவைக்கிறது. 9-வது இடத்திலிருந்து மூன்று எழுத்து எடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. எச்டிடிபி/1.1 வரியில் அது 404 தரும். எச்டிடிபி/2 வரியில் புள்ளியும் 1-உம் இல்லாததால் எண் 7-வது இடத்தில் தொடங்குகிறது. அதே சப்ஸ்ட்ர் இப்போது வெறும் 4 தரும், 200 வந்தால் 0 தரும். இடைவெளியில் பிரித்து இரண்டாவது துண்டை எடுப்பதே சரி. காரணச் சொல்லை நம்பவும் வேண்டாம்: எச்டிடிபி/2-இல் ஓகே, நாட் ஃபவுண்ட் எதுவும் வராது. கடைசிப் பதிலின் எண் மட்டும் போதுமென்றால் கர்ல்இன்ஃபோ_ரெஸ்பான்ஸ்_கோட் நேராகவே தருகிறது. வரியைத் தொடவே வேண்டாம்.

பிராக்ஸி தரும் 200 தொல்லையாக இருந்தால் கர்ல்ஆப்ட்_சப்ரெஸ்_கனெக்ட்_ஹெடர்ஸ் பிஎச்பி 7.3 முதல் இருக்கிறது. ரீடைரக்டைக் கர்ல் இயல்பாகத் தொடராது. ஃபாலோலொக்கேஷன் நீங்கள்தான் வைக்க வேண்டும். கர்ல்ஆப்ட்_டைம்அவுட் மொத்த நேரத்துக்கான கெடு என்பதால் துளித்துளி சர்வரின் தந்திரம் இங்கே செல்லாது. பிழைப் பதில்களின் ஹெடரும் கால்பேக்குக்கு வந்துவிடுகிறது. மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்ற பதில், வெளி லைப்ரரி எதுவும் இல்லாமல், இந்த வழியில்தான் கிடைக்கிறது. விலை என்று பார்த்தால் முப்பது வரி நிரல்.

கஸல், சிம்ஃபோனி

பிஎச்பி லைப்ரரிகளை நிறுவும் கம்போஸர் இருக்கும் திட்டத்தில் மேலே சொன்ன கால்பேக்கைக் கையால் எழுதக் காரணமே இல்லை. கஸல், சிம்ஃபோனி என்ற இரண்டு லைப்ரரிகளில் எது என்பதுதான் கேள்வி, அதற்கும் ஹெடர் விஷயத்தில் தெளிவான வேறுபாடுகள் உண்டு.

கஸல் பிஎஸ்ஆர்-7 என்ற பொது வடிவத்தில் பதிலைத் தருகிறது. கெட்ஹெடர் எப்போதும் அர்ரே. கெட்ஹெடர்லைன் அதே மதிப்புகளைக் காற்புள்ளியால் கோத்து ஒரே ஸ்ட்ரிங்காக்கும். தேடுதலில் எழுத்தளவு பொருட்டல்ல. ஆனால் கெட்ஹெடர்ஸ் என்று மொத்தமாக வாங்கினால் சர்வர் அனுப்பிய எழுத்தளவே சாவியில் இருக்கும். அந்த அர்ரேயில் நேராகத் தேடினால் பழைய சிக்கல் திரும்பி வரும். செட்-குக்கிக்குக் கெட்ஹெடர்லைன் கூடவே கூடாது. குக்கியின் எக்ஸ்பயர்ஸ் பகுதியில் வெட் (புதன்), 21 அக்ட் 2026 என்று கிழமைக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இருக்கும். கோத்தபின் எது குக்கிகளின் எல்லை, எது தேதிக்குள் இருப்பது என்று பிரிக்க வழியில்லை. ஆர்எஃப்சி 9110-ஏ செட்-குக்கியை விதிவிலக்காகச் சொல்கிறது.

4xx, 5xx வந்தால் கஸல் இயல்பாக எக்ஸெப்ஷன் எறியும். ரீட்ரை-ஆஃப்டர் வேண்டுமென்றால் பிடித்த எக்ஸெப்ஷனிலிருந்து கெட்ரெஸ்பான்ஸ் எடுக்க வேண்டும், அல்லது எச்டிடிபி_எர்ரர்ஸ் ஃபால்ஸ். ரீடைரக்டை இயல்பாக 5 வரை தொடரும். நமக்குக் கிடைப்பது கடைசிப் பதில். இடையில் கடந்த முகவரிகள் வேண்டுமென்றால் ட்ராக்_ரீடைரக்ட்ஸ் வைக்கலாம், ஆனால் அது முகவரிகளையும் நிலை எண்களையும்தான் தரும். இடைப்பட்ட பதில் வைத்த குக்கியைத் தராது.

சிம்ஃபோனியின் எச்டிடிபி கிளையன்ட் சாவிகளைச் சிறிய எழுத்தாக்கி, ஒவ்வொரு மதிப்பையும் அர்ரேயாகவே தருகிறது. வடிவம் ஒருபோதும் மாறாது. இது பெரிய நிம்மதி. கெட்ஹெடர்ஸ் 300 முதல் 599 வரையிலான நிலைகளுக்கு எக்ஸெப்ஷன் எறியும், ஃபால்ஸ் கொடுத்தால் எறியாது. கெட்இன்ஃபோவில் ரெஸ்பான்ஸ்_ஹெடர்ஸ் கேட்டால் ரீடைரக்ட் பதில்கள் உட்பட மூல வரிகள் அனைத்தும் வரிசையாகக் கிடைக்கும். ரீடைரக்ட் சங்கிலியை ஆராயும் கருவி எழுதுகிறீர்கள் என்றால் இந்த ஒரு காரணமே சிம்ஃபோனியைத் தேர்ந்தெடுக்கப் போதும். வெளி ஏபிஐ-களை அழைப்பது மட்டும்தான் வேலை, திட்டத்தில் ஏற்கெனவே கஸல் இருக்கிறது என்றால் மாற வேண்டாம். லாராவெல்லின் எச்டிடிபி கிளையன்ட் அடியில் கஸல்தான். வேர்ட்பிரஸ்ஸில் டபிள்யூபி_ரிமோட்_ரிட்ரீவ்_ஹெடர் இருக்கிறது; எழுத்தளவைப் பொருட்படுத்தாது, ஆனால் ஒரே ஹெடர் பலமுறை வந்தால் அர்ரே தரும், அதை இஸ்_அர்ரே வைத்துச் சோதியுங்கள்.

ஜிஸிப் பற்றி ஒரு வார்த்தை. கர்லில் கர்ல்ஆப்ட்_என்கோடிங் வைத்தால் உள்ளடக்கம் விரிந்து வரும், ஆனால் ஹெடரில் கன்டென்ட்-என்கோடிங் ஜிஸிப் என்றும் சுருங்கிய அளவே கன்டென்ட்-லெங்த் என்றும் இருக்கும். அந்த ஹெடர்களை அப்படியே நம் பயனருக்குக் கடத்தினால் பிரவுசர் விரிந்ததை மறுபடி விரிக்கப் பார்த்துத் தோற்கும். கஸல் இவ்விரண்டையும் வேறு பெயருக்கு மாற்றிவிடுகிறது. கர்லில் நாமே நீக்க வேண்டும். கூடவே டிரான்ஸ்ஃபர்-என்கோடிங், கனெக்ஷன் இரண்டையும் கடத்தாமல் விட வேண்டும்.

எடுக்கக் கூடாதவை

எச்டிடிபி_பார்ஸ்_ஹெடர்ஸ் என்று நிரலில் கண்டால், அது கூடுதல் நீட்சிகளின் களஞ்சியமான பிஇசிஎல்-இல் உள்ள எச்டிடிபி நீட்சியின் பழைய 1-ஆம் பதிப்பைச் சேர்ந்தது, பிஎச்பி-யோடு வருவதல்ல. இப்போது ஓடும் சர்வரில் ஃபங்ஷன் இல்லை என்ற பிழைதான் கிடைக்கும். ஐகான்வ்_மைம்_டீகோட்_ஹெடர்ஸ் மின்னஞ்சலுக்கானது. கெட்ஆல்ஹெடர்ஸ் நமக்கு வந்த கோரிக்கையின் ஹெடரைத் தரும், நாம் வாங்கிய பதிலின் ஹெடரை அல்ல.

மதிப்புக்குள்ளே

பெயரையும் மதிப்பையும் பிரித்ததோடு வேலை முடிவதில்லை. கன்டென்ட்-டைப்பை அரைப்புள்ளியில் பிரித்து முதல் துண்டை ட்ரிம் செய்து, சிறிய எழுத்தாக்கி ஒப்பிடலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அளவுருக்களுக்கு உள்ளே போனால் மேற்கோள் குறிக்குள் அரைப்புள்ளி வரலாம், எக்ஸ்ப்ளோட் அங்கே தவறும். சிம்ஃபோனியின் ஹெடர்யூட்டில்ஸ், கஸல் பிஎஸ்ஆர்-7-இன் ஹெடர் பார்ஸ் ஆகியவை மேற்கோளைப் புரிந்துகொள்ளும். கன்டென்ட்-டிஸ்பொசிஷனில் ஃபைல்நேம், உடுக்குறியோடு (*) கூடிய ஃபைல்நேம் இரண்டும் வந்தால் உடுக்குறி உள்ளதுதான் செல்லும். அதை சதவீதக் குறியாக்கத்திலிருந்து விரித்து, பேஸ்நேம் வழியாக அனுப்பிய பிறகே கோப்பாகச் சேமியுங்கள். பெயருக்குள் இரண்டு புள்ளியும் சாய்கோடும் ஒளிந்திருந்தால் கோப்பு வேறு அடைவில் போய் உட்காரும்.

ரீட்ரை-ஆஃப்டர் இரண்டு வடிவில் வரும்: 120 என்று விநாடி, அல்லது முழுத் தேதி. சிடைப்_டிஜிட் சோதனையில் எண் என்று தெரிந்தால் விநாடி, இல்லாவிட்டால் ஸ்ட்ர்டுடைம் கொடுத்து இப்போதைய நேரத்தைக் கழியுங்கள். எதிர்மறையாக வந்தால் 0. மேல்வரம்பு ஒன்றும் வையுங்கள். சர்வர் ஒரு நாள் என்று சொன்னால் பின்னணியில் ஓடும் நம் வொர்க்கர் ஒரு நாள் தூங்கக் கூடாது.

ஹெடர் மதிப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்கும் என்ற உறுதி கிடையாது. அப்படியே ஜேசன்_என்கோட் செய்து லாகில் எழுதும்போது ஃபால்ஸ் வந்து லாக் வரி காலியாகப் போவது இதனால்தான். ஜேசன்_இன்வாலிட்_யூடிஎஃப்8_சப்ஸ்டிட்யூட் கொடுத்தால் தவறான பைட் மட்டும் மாற்றப்பட்டு மற்றவை தப்பும்.

எதை எங்கே

கட்டளை வரியில் ஒரு முகவரியை ஒருமுறை பார்க்க கெட்_ஹெடர்ஸ் போதும். நீட்சி எதுவும் நிறுவ முடியாத ஹோஸ்டிங்கில், ஃபாலோ_லொக்கேஷன் 0 வைத்த ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ். ரீடைரக்டை நீங்களே லூப்பில் தொடருங்கள். பயனர் தரும் முகவரியைத் திறக்கும் நிரல் எந்த வழியில் எழுதப்பட்டாலும் ரீடைரக்டைத் தானாகத் தொடர விடவே கூடாது: முதல் முகவரியைச் சோதித்து அனுமதித்த பிறகு, அது உள் நெட்வொர்க் முகவரிக்குத் திருப்பிவிட முடியும். ஒவ்வொரு லொக்கேஷனையும் வாங்கி, சோதித்து, பிறகுதான் அடுத்த அடி. லைப்ரரி இல்லாத உற்பத்தி நிரலுக்குக் கர்ல் கால்பேக். கம்போஸர் இருந்தால் சிம்ஃபோனி அல்லது கஸல்.

உள்ளடக்கம் வேண்டாம், ஹெடர் மட்டும் போதும் என்றால் ஹெட் கோரிக்கைதான் முறை. ஆனால் சில சர்வர்கள் அதற்கு 405 (இந்த முறைக்கு அனுமதி இல்லை) தரும். கன்டென்ட்-லெங்த்தை விட்டுவிடவும் அவற்றுக்கு உரிமை உண்டு. அங்கே ரேஞ்ச் ஹெடரில் பைட்ஸ்=0-0 வைத்து கெட் அனுப்புங்கள். சர்வர் ஏற்றுக்கொண்டால் 206 (பகுதி உள்ளடக்கம்) வரும். கன்டென்ட்-ரேஞ்ச் ஹெடரில் சாய்கோட்டுக்குப் பின்னால் மொத்த அளவு இருக்கும். ஏற்காவிட்டால் 200-உம் முழு உள்ளடக்கமும் வரத் தொடங்கும். அப்போது, உள்ளடக்கம் வரும்போது கர்ல் அழைக்கும் ரைட்ஃபங்ஷன் கால்பேக்கில் 0 திருப்பி நிறுத்திவிடலாம். அங்கே வரும் பிழை 23 நாமே வரவழைத்தது, அதைத் தோல்வியாக எண்ணக் கூடாது.

எந்த வழியை எடுத்தாலும் சோதித்துப் பார்க்க வெளித் தளம் தேவையில்லை. பிஎச்பி-யின் உள்ளமைந்த சர்வரில் ஒரு சின்னக் கோப்பை வையுங்கள்: முதல் பாதை 302 தந்து ஒரு குக்கியும் வைக்கட்டும், அடுத்தது எக்ஸ்பயர்ஸ் உள்ள இரண்டு செட்-குக்கி வரிகளை அனுப்பட்டும் (ஹெடர் ஃபங்ஷனின் இரண்டாவது அளவுரு ஃபால்ஸ் ஆக இருந்தால்தான் இரண்டாவது வரி முதல் வரியை அழிக்காது), மூன்றாவது 503-உம் தேதி வடிவ ரீட்ரை-ஆஃப்டரும் தரட்டும். நிரல் மூன்று குக்கிகளையும் தனித்தனியாக, எது எந்தப் பதிலுடையது என்று சொல்ல வேண்டும். சோதிக்கும் ஸ்கிரிப்டைக் கட்டளை வரியிலிருந்து ஓட்டுங்கள். அதே உள்ளமைந்த சர்வரின் பக்கமாக வைத்து அதையே அழைத்தால், அது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும். 7.4 முதல் உள்ள பிஎச்பி_சிஎல்ஐ_சர்வர்_வொர்க்கர்ஸ் என்ற சூழல் மாறியை 2 அல்லது அதற்கு மேல் வைத்தால் அந்தத் தடை இல்லை. விண்டோஸில் மட்டும் அது வேலை செய்யாது.